வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பொட்டலம்: சுங்கத்தில் தேங்காமல் பெறுவதற்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கூரியரில் வரும் பொருளின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால், அதற்குச் சுருக்கமான நடைமுறை உண்டு. சிபிஇ 13 என்ற படிவத்தைக் கூரியர் நிறுவனமே உங்கள் சார்பில் மின்னணு முறையில் தாக்கல் செய்துவிடும். நீங்கள் சுங்க அலுவலகத்துக்குப் போக வேண்டாம், தரகர் வைக்க வேண்டாம். அஞ்சலில் வருவது இன்னும் சுருக்கம்: அனுப்பியவர் பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டை வைத்தே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

இந்த எளிமையை நம்பித்தான் பலர் தடுமாறுகிறார்கள். எனக்கும் நண்பர்களுக்கும் உறவினர்களுக்குமாகப் பல பொட்டலங்களின் தாள்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: படிவத்தை நிரப்புபவர் நீங்கள் அல்ல என்பதுதான் சிக்கலின் வேர். பொருளைக் கண்ணால் பார்க்காத ஒரு ஊழியர், அனுப்பியவர் எழுதிய இரண்டு வரிகளை வைத்து அதை நிரப்புகிறார். அந்த இரண்டு வரிகள் தவறாக இருந்தால், திருத்தும் நேரத்தில் பொட்டலம் ஏற்கெனவே கிடங்கில் இருக்கும். அதனால் கீழே உள்ள 10 படிகளில் முதல் 6, பொட்டலம் கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுருக்கப்பட்டது தாள் வேலை மட்டுமே, வரி அல்ல. "இத்தனை டாலர் வரை வரி இல்லை" என்று பிற நாடுகளைப் பற்றிப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் ஏராளம். அமெரிக்காவின் 800 டாலர் வரம்பை வைத்துக் கணக்குப் போட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வரம்பு இந்தியாவுக்கு எப்போதும் பொருந்தியதில்லை. அமெரிக்காவிலேயே அது 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கடையில் விலைகொடுத்து வாங்கி வரவழைக்கும் பொருளுக்கு இங்கே அப்படிப் பொதுவான விலக்கு வரம்பு கிடையாது.

1. சொந்த உபயோகமா, தொழிலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இந்த முடிவைச் சார்ந்தே மாறும் என்பதால் இது முதலில் வருகிறது.

சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் தனிநபருக்கு ஐஇசி எனப்படும் இறக்குமதியாளர் குறியீட்டு எண் தேவையில்லை. விற்பதற்கோ தொழிலில் பயன்படுத்துவதற்கோ வரவழைத்தால் அது வேண்டும். தொழிலுக்கு என்றால், ஜிஎஸ்டி பதிவு எண்ணையும் முன்கூட்டியே கூரியர் நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். அந்த எண் படிவத்தில் ஏறினால்தான் கட்டிய ஐஜிஎஸ்டியை (இறக்குமதிப் பொருளின் மேல் விழும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) உள்ளீட்டு வரி வரவாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும். அடிப்படைச் சுங்க வரிக்கு அப்படி வரவு எடுக்க வழியில்லை.

இங்கே அடிக்கடி நிகழும் தவறு, வீட்டுக்கு வாங்கும் பொருளைக் கடை முகவரிக்கு அனுப்பச் சொல்வது. பகலில் ஆள் இருப்பார்கள் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பெறுநர் பெயரில் கடையின் பெயர் ஏறியவுடன் அது வணிக இறக்குமதியாகத் தெரிகிறது. ஐஇசி எங்கே என்ற கேள்வி வருகிறது. கடை முகவரியே வேண்டுமென்றாலும் பெறுநர் பெயராக உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும்.

எண்ணிக்கையும் பேசும். ஒரே மாதிரியான கைக்கடிகாரம் 12 வந்தால், சொந்த உபயோகம் என்று நீங்கள் சொல்வதை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

2. அந்தப் பொருளை உள்ளே விடுவார்களா என்று பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. வரியைக் கட்டி மீட்கலாம். தடைசெய்யப்பட்ட பொருளை எதைக் கட்டினாலும் மீட்க முடியாமல் போகலாம்.

முழுத் தடைப்பட்டியலை இங்கே தரப் போவதில்லை. தெரியாமல் வரவழைத்து மக்கள் மாட்டிக்கொள்ளும் பொருட்களை மட்டும் சொல்கிறேன்.

டிரோன்: முழுமையாகப் பொருத்தப்பட்டதானாலும் பிரித்த நிலையில் வருவதானாலும் 2022 பிப்ரவரி 9 முதல் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

மின்சிகரெட்: 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறக்குமதியும் தடை.

விதை, செடி, கிழங்கு: தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை 2003-இன் கீழ் முன் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. 10 விதைகள் உள்ள சிறு உறைக்கும் இதே விதிதான்.

மருந்து: சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் வரவழைக்க மருந்து விதிகளில் இடம் உண்டு. ஒரு மருந்து 100 சராசரி வேளை அளவைத் தாண்டக் கூடாது. மருத்துவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அனுமதிக்கான 12-ஏ படிவ விண்ணப்பத்தை மருந்து கிளம்புவதற்கு முன்பே கொடுங்கள்.

வயர்லெஸ் வசதியுள்ள கருவிகள்: தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதலைக் கேட்கக்கூடும். அந்த மாதிரிக்கு ஏற்கெனவே ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுச் சான்றின் நகலை வாங்கிவையுங்கள்.

பழைய கணினி, மடிக்கணினி: பயன்படுத்தப்பட்ட மின்னணுப் பொருட்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. விற்பவர் "புதுப்பிக்கப்பட்டது" என்று எழுதினாலும் சுங்கத்தின் கண்ணில் அது பழைய பொருளே.

மேற்சொன்ன சுருக்க நடைமுறைக்கே உட்படாத பொருட்களும் உண்டு. பிற சட்டங்களின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட விலங்கு, தாவரப் பொருட்கள், கெட்டுப்போகும் பொருட்கள், தங்கம், வெள்ளி, இரத்தினக் கற்கள் ஆகியவை கூரியர் வழியில் வரக் கூடாது. இந்திய எல்லைகளைத் தவறாகக் காட்டும் வரைபடம் உள்ள நூல்களும் இதில் அடக்கம். அயல்நாட்டு அட்லஸ் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும்.

3. வரியை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாமல் வாங்குபவர்கள்தான் பிறகு "பொருளின் விலையில் பாதி வரியாகவா?" என்று அதிர்கிறார்கள். முன்கூட்டியே தொகை தெரிந்தால் வாங்குவதா வேண்டாமா என்று நிதானமாக முடிவெடுக்கலாம். கடைசியில் கூரியர் நிறுவனம் கேட்கும் தொகை சரியா என்று ஒப்பிடவும் இதே கணக்கு உதவும்.

கணக்கு நான்கு அடுக்கு. முதலில் சுங்க மதிப்பு: பொருளின் விலை, அதை விமானத்தில் அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்தது. அதன் மேல் அடிப்படைச் சுங்க வரி. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி. இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகையின் மேல் ஐஜிஎஸ்டி.

ஒரு எடுத்துக்காட்டு. பொருளின் விலை ரூ.8,000. அனுப்பும் கட்டணம் ரூ.3,000. அடிப்படை வரி 20 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

பலரும் 8,000-உடன் 3,000-ஐக் கூட்டிவிடுகிறார்கள். அது தவறு. விமானத்தில் வரும் பொருளுக்கு, உண்மையில் எவ்வளவு கட்டணம் கொடுத்திருந்தாலும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின் 10-ஆம் விதி. ஆகவே இங்கே ரூ.1,600 மட்டுமே சேரும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதம், அதாவது ரூ.90. சுங்க மதிப்பு ரூ.9,690.

அடிப்படை வரி ரூ.1,938. மேல்வரி ரூ.193.80. இதுவரை மொத்தம் ரூ.11,821.80. அதில் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி ரூ.2,127.92. கட்ட வேண்டிய வரி ஏறத்தாழ ரூ.4,260.

அந்த 20 சதவீத வரம்பைக் கவனிக்காமல் 3,000-ஐ முழுதாகச் சேர்த்தால் வரி ரூ.4,875 ஆகிவிடும். ரூ.615 வித்தியாசம். எடை அதிகமாகவும் விலை குறைவாகவும் உள்ள பொருட்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். அனுப்பும் கட்டணம் இன்வாய்ஸில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால்தான் இந்த வரம்பைப் பயன்படுத்த முடியும் என்பதை நினைவில் வையுங்கள். 5-ஆம் படியில் இது மீண்டும் வரும்.

விகிதத்தை அறிய, பொருளின் எட்டு இலக்கச் சுங்க எண் வேண்டும். விற்பவரிடம் கேட்டால் முதல் ஆறு இலக்கங்களைத் தருவார். அவை எல்லா நாடுகளுக்கும் பொது. கடைசி இரண்டும் இந்தியாவுக்கு உரியவை. சுங்க வரி அட்டவணையில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்காக அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருட்களுக்கென்று 9804 என்ற தனித் தலைப்பும் அட்டவணையில் இருக்கிறது. எந்தத் தலைப்பில் தாக்கல் செய்யப் போகிறார்கள் என்று கூரியர் நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். தலைப்பு மாறினால் தொகை முற்றிலும் மாறும்.

விகிதங்கள் பட்ஜெட்டில் மாறும். நீங்கள் வாங்கிய நாளின் விகிதம் கணக்கில் வராது. பில் ஆஃப் என்ட்ரி (சிபிஇ 13 போன்ற இறக்குமதிப் படிவம்) தாக்கலாகும் காலத்து விகிதமே செல்லும். ஜனவரி இறுதியில் வாங்குபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

4. அஞ்சலா, கூரியரா

கூரியர் வேகமானது, யாரைக் கேட்பது என்பது தெளிவாக இருக்கும். ஆனால் வரியோடு சேவைக் கட்டணமும் சேரும். உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம், தாமதமானால் கிடங்கு வாடகை என்று சின்னச் சின்னத் தொகைகள் ஏறும்.

அஞ்சலில் அயல்நாட்டு அஞ்சல் நிலையத்தில் சுங்க அதிகாரி மதிப்பிடுவார். வரியைப் பொட்டலம் கைக்கு வரும்போது கட்டலாம். செலவு குறைவு. ஆனால் கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பாதை நீளமானது.

விலை குறைவு, அவசரமும் இல்லை என்றால் அஞ்சல். ஒப்புதல் சான்றோ மருத்துவச் சீட்டோ இணைக்க வேண்டிய பொருள் என்றால் கூரியர். இதுதான் என் வழக்கம். அஞ்சலைத் தேர்ந்தெடுத்தால், கண்காணிப்பு எண் உள்ள சேவைதானா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இறுதியில் அனுப்பும் நாட்டின் இரண்டு எழுத்து என மொத்தம் 13 குறிகள் கொண்ட எண் அது. அது இல்லாத பொட்டலத்தை எங்கும் தேட முடியாது.

5. இன்வாய்ஸை நீங்களே எழுதிக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

ஒரு நண்பருக்கு வந்த பொட்டலத்தைச் சொல்கிறேன். உள்ளே இருந்தவை தையல் இயந்திரத்துக்கான பாபின் உறைகள், மூன்றே மூன்று, ஒரு கையில் அடங்குபவை. அவர் கொடுத்தது 46 டாலர். வெளியே ஒட்டியிருந்த தாளில் விற்பவர் எழுதியிருந்தது: "உதிரிப் பாகங்கள், 3, அன்பளிப்பு, 5 டாலர்". நண்பருக்கு உதவுவதாக நினைத்தே அப்படி எழுதியிருக்கிறார். அந்த ஒரே வரியில் தவறுகள் மூன்று.

முதல் தவறு "உதிரிப் பாகங்கள்". எதன் உதிரிப் பாகம்? விமானத்தினுடையதா, துப்பாக்கியினுடையதா? இப்படி எழுதினால் பெட்டியைத் திறந்தே பார்க்க வேண்டும். "துணைக்கருவி", "மாதிரி", "சொந்தப் பொருள்" என்பவையும் இதே வகை.

இரண்டாவது "அன்பளிப்பு". முன்பு சிறு மதிப்புள்ள அன்பளிப்புகளுக்கு வரிவிலக்கு இருந்தது. 2019 டிசம்பர் 12 முதல் அன்பளிப்பு என்று சொல்லி விலக்குக் கோருவது தடை. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே இன்னும் அனுமதி உண்டு. உண்மையான அன்பளிப்பும் முழு வரியைக் கட்டினால் வரலாம். விலைக்கு வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவதால் ஒரு பைசாகூட மிச்சமாகாது, சந்தேகம்தான் மிஞ்சும்.

மூன்றாவது "5 டாலர்". அறிவித்த மதிப்பின் மேல் ஐயம் வந்தால் விளக்கம் கேட்க அதிகாரிக்கு அதே மதிப்பீட்டு விதிகளின் 12-ஆம் விதி அதிகாரம் தருகிறது. பதில் திருப்தி தராவிட்டால் அதே போன்ற பொருட்களின் விலையை வைத்து அவரே மதிப்பிடுவார். மதிப்பைத் தவறாக அறிவித்த பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் சுங்கச் சட்டம் 1962 இடம் தருகிறது. தவறு விற்பவருடையது என்றாலும் இங்கே பதில் சொல்ல வேண்டியவர் பெறுநர்தான்.

நண்பர் வங்கிக் கணக்கு விவரத்தையும், ஆர்டர் பக்கத்தின் நகலையும், விற்பவரிடம் மறுபடி வாங்கிய சரியான இன்வாய்ஸையும் கொடுத்து, பொட்டலத்தை மீட்டார். கிடங்கில் 11 நாள். உள்ளே இருந்த மூன்று உறைகளுக்கான வரியைவிட அவர் கட்டிய வாடகை அதிகம்.

அதனால் ஆர்டர் செய்தவுடன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இன்வாய்ஸில் இருக்க வேண்டிய வாசகத்தை ஆங்கிலத்தில் நீங்களே எழுதி, அப்படியே பயன்படுத்தச் சொல்லுங்கள். அதன் பொருள் இப்படி இருக்க வேண்டும்: "தையல் இயந்திரத்துக்கான பாபின் உறை, எஃகு, புதியது, வீட்டு உபயோகத்துக்கு, 3 எண்ணிக்கை, ஒன்று 12 டாலர், மொத்தம் 36 டாலர், அனுப்பும் கட்டணம் 10 டாலர், சுங்க எண் இன்னது, தயாரிக்கப்பட்ட நாடு இன்னது."

என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது, புதியதா பழையதா: இந்த நான்கும் இருந்தால் வகைப்படுத்துபவர் ஊகிக்க வேண்டியதில்லை. அனுப்பும் கட்டணம் தனியாகக் காட்டப்படுவதால் 20 சதவீத வரம்பும் பொருந்தும். தள்ளுபடி கிடைத்திருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியல் விலையே மதிப்பாகிவிடும்.

உத்தரவாதத்தில் இலவசமாக அனுப்பும் மாற்றுப் பொருளுக்குப் பூஜ்யம் என்று எழுதும் வழக்கம் உண்டு. அது கூடாது. நீங்கள் பணம் கொடுக்காவிட்டாலும் பொருளுக்கு மதிப்பு உண்டு. உண்மையான விலையை எழுதி, பக்கத்தில் "உத்தரவாத மாற்று, கட்டணம் பெறப்படவில்லை, சுங்கத்துக்கான மதிப்பு மட்டும்" என்று குறிக்கச் சொல்லுங்கள். பழுது பார்க்க நீங்களே வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்பி வரும் பொருள் என்றால், அனுப்பியபோது தாக்கலான ஏற்றுமதித் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அதே பொருள்தான் திரும்பியது என்று காட்ட முடிந்தால், பழுதுச் செலவுக்கும் போக்குவரத்து, காப்பீட்டுச் செலவுக்கும் மட்டும் வரி கட்டும் சலுகையைக் கோரலாம். தாள் இல்லையென்றால் முழுப் பொருளுக்கும் வரிதான்.

ஒரே ஆர்டரை மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொல்பவர்களும் உண்டு. இங்கே விலக்கு வரம்பு இல்லாததால் அதனால் இலாபம் இல்லை. மூன்று பொட்டலத்துக்கும் தனித்தனிச் சேவைக் கட்டணம் விழும். மூன்றும் ஒரே நாளில் வந்தால் ஏன் பிரித்தீர்கள் என்ற கேள்வியும் வரும்.

6. பெயர், முகவரி, கைப்பேசி எண்: மூன்றும் அடையாள ஆவணத்தோடு ஒத்துப்போகட்டும்

பெறுநர் யார் என்று உறுதிசெய்யாமல் கூரியர் நிறுவனம் படிவம் தாக்கல் செய்யக் கூடாது. அதற்காகத்தான் கேஒய்சி கேட்கிறார்கள். ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்ற ஆவணங்களில் ஒன்று போதும்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல்: இனிஷியல். ஆதாரில் "செந்தில் கே", பாஸ்போர்ட்டில் "செந்தில் கந்தசாமி", இணையக் கடையில் பதிந்தது "கே. செந்தில்குமார்". நமக்கு மூன்றும் ஒருவரே. கணினிக்கு மூன்று பேர். எந்த ஆவணத்தைக் கொடுக்கப் போகிறீர்களோ அதில் உள்ள பெயரையே, எழுத்துக்கு எழுத்து, ஆர்டரிலும் கொடுங்கள். இதனால் தேங்கிய பொட்டலங்களைத்தான் நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கைப்பேசி எண். உறவினர் அனுப்பும்போது தன் எண்ணையே பெறுநர் எண்ணாகவும் எழுதிவிடுகிறார். கேஒய்சி இணைப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவருக்குப் போகின்றன. நீங்கள் இங்கே ஒன்றும் தெரியாமல் காத்திருப்பீர்கள். 91 என்ற நாட்டுக் குறியீட்டுடன் உங்கள் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

வீடு மாறியிருந்து, ஆவணத்தில் பழைய முகவரி இருந்தால், இப்போதைய முகவரிக்கான சான்று ஒன்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

7. கிளம்பியவுடன் தாள்களைத் திரட்டுங்கள்

கண்காணிப்பு எண் கிடைத்த அன்றே கணினியில் ஒரு கோப்புறை தொடங்குங்கள். இன்வாய்ஸ், பணம் செலுத்தியதற்கான வங்கி அல்லது அட்டை விவரம், ஆர்டர் பக்கம், பொருளின் விவரப் பக்கம், அடையாள ஆவணம், தேவையான சான்றுகள். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிடிஎஃப்.

பொட்டலம் இந்தியாவில் இறங்குவதற்கு முன்பே கூரியர் நிறுவனத்தின் தளத்தில் கேஒய்சியை முடித்துவிடலாம். பல நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன. படிவமும் முன்கூட்டியே தயாராகிவிடுவதால் ஒரு நாளோ இரண்டு நாளோ மிச்சமாகும்.

இப்போதே விற்பவரிடம் பொட்டலத்தின் மேல் ஒட்டிய தாளின் படத்தையும் கேளுங்கள். அதில் தவறு இருந்தால், கூரியர் நிறுவனத்துக்குச் சரியான இன்வாய்ஸைப் பொட்டலம் வருவதற்கு முன்பே அனுப்பிவைக்கலாம். தாக்கல் செய்வதற்கு முன் திருத்துவது ஒரு மின்னஞ்சல். தாக்கலுக்குப் பின் திருத்துவது ஒரு வழக்கு போல நீளும்.

8. "நிறுத்திவைக்கப்பட்டது" என்று வந்தால்

பதறாதீர்கள். ஆனால் அன்றே செயல்படுங்கள். வாடகை நாள் கணக்கில் ஏறுகிறது. இறக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எடுக்கப்படாத பொருளை, அறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்கச் சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இடம் தருகிறது.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: "என்ன காரணத்துக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது?" வாடிக்கையாளர் சேவையில் "கஸ்டம்ஸில் இருக்கிறது" என்ற பொதுப் பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் சுங்கப் பிரிவின் மின்னஞ்சலை வாங்கி எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பொட்டலங்கள் சுங்கத்தில் நிற்கவே இல்லை. கேஒய்சி வராததால் கூரியர் நிறுவனத்திடமே நின்றன.

மதிப்பைப் பற்றிய கேள்வி என்றால், பணம் செலுத்திய சான்றே வலுவான பதில். இன்வாய்ஸில் உள்ள தொகையும் வங்கியில் கழிந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். நாணய மாற்றத்தால் வித்தியாசம் இருந்தால் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். சுங்கம் தான் அறிவிக்கும் மாற்று விகிதத்தையே பயன்படுத்தும். உங்கள் அட்டை நிறுவனத்தின் விகிதத்தை அல்ல.

பொருள் என்ன என்ற கேள்வி என்றால், படமும் விவரப் பக்கமும் அனுப்பி, எதற்குப் பயன்படுகிறது என்று மூன்று வரிகளில் எழுதுங்கள். நீண்ட கடிதத்தை யாரும் படிப்பதில்லை.

அனுமதி கேட்டால், உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்பதை உடனே சொல்லுங்கள். இல்லையென்றால், திருப்பி அனுப்ப அனுமதிப்பார்களா என்று அப்போதே கேளுங்கள். தாமதித்தால் அந்த வழியும் சுருங்கும்.

9. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: கேட்பவர் யார்? "உங்கள் பெயரில் அன்பளிப்புப் பொட்டலம் வந்திருக்கிறது, வரி கட்டாவிட்டால் கைது" என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். சுங்க அதிகாரி கைப்பேசியில் அழைத்துத் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லமாட்டார். துறையின் கடிதத்தில் பெரும்பாலும் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். அதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே கண்காணிப்பு எண்ணை இட்டு அங்கிருந்து பணம் கட்டுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

இரண்டாவது சோதனை: தொகை சரியா? தாக்கலான படிவத்தின் நகலைக் கேளுங்கள். அதில் சுங்க எண், மதிப்பு, சேர்க்கப்பட்ட விமானக் கட்டணம், ஒவ்வொரு வரியின் விகிதம் ஆகியவற்றை 3-ஆம் படியில் நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தவறு இரண்டு இடங்களில்தான் இருக்கும்: விமானக் கட்டணம் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கும், அல்லது பொருள் வேறு தலைப்பில் வைக்கப்பட்டிருக்கும்.

தவறு தெரிந்தால் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் ஆட்சேபியுங்கள். "முதலில் கட்டிவிடுவோம், பிறகு திரும்பக் கேட்போம்" என்பது சுங்கத்தில் எளிதல்ல. திரும்பப் பெறும் விண்ணப்பத்துக்கு ஓராண்டு அவகாசம் இருப்பது உண்மை. ஆனால் மதிப்பீடே மாற்றப்படாமல் பணத்தை மட்டும் திரும்பக் கேட்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதாவது முதலில் மதிப்பீட்டைத் திருத்த வைக்க வேண்டும், அல்லது 60 நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். சில நூறு ரூபாய்க்காக இதைச் செய்வாரில்லை. பணம் கட்டாத நிலையில் எழுதும் ஒரு மின்னஞ்சலுக்கு இருக்கும் வலிமை, கட்டிய பின் எழுதும் பத்துக் கடிதத்துக்கு இல்லை.

10. கைக்கு வந்த பின்

பெட்டியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சுங்கச் சோதனைக்காகத் திறந்திருந்தால் அதன் மேல் மறுபடி ஒட்டிய நாடா தெரியும். உள்ளே ஏதாவது குறைந்தாலோ உடைந்தாலோ, கையொப்பமிடும் முன் விநியோகிப்பவரின் தாளில் குறித்துவிட்டு, அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

வரி ரசீதையும் பில் ஆஃப் என்ட்ரியின் நகலையும் இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தாலோ, பழுதுக்காக வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பினாலோ முதலில் கேட்கப்படுவது இவைதான். கூரியர் நிறுவனம் நகலைத் தானாகத் தராது. கேளுங்கள், அந்த வாரத்திலேயே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.